தண்ணீர் வடியாத பூசணி

முதல் தடவை பெரியவள் முழுசாகத்தான் சொன்னாள். சத்தியமாகச் சொன்னாள். அந்தப் பதிவைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான் என்பதால் அவளுக்காகச் சாட்சி சொல்ல யாரும் இல்லை, அவ்வளவுதான்.

ஓரகத்தி கேட்டிருந்தாள். கணவனின் தம்பி மனைவி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். "அக்கா, அந்தக் கோதுமை மாவு பூசணி பிஸ்கட் எப்படிப் பண்றதுன்னு சொல்லுங்களேன். டைப் பண்ணிக் கஷ்டப்பட வேணாம், வாயால சொல்லி அனுப்புங்க போதும்" என்று ஒரு புதன்கிழமை சாயங்காலம் செய்தி வந்தது. பெரியவள் அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று, போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒப்பித்தாள். முழு கோதுமை மாவு இருநூறு கிராம். வெண்ணெய் நூறு. பழுப்புச் சர்க்கரை நூற்றிருபது. பட்டைப் பொடி ஒரு தேக்கரண்டி, ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, உப்பு, பேக்கிங் பவுடர். மஞ்சள் பூசணியைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்து மசித்து, மெல்லிய துணியில் மூட்டை கட்டி, தண்ணீர்க் குழாயில் ஆறு மணி நேரம் தொங்கவிட வேண்டும். அரை டம்ளர் தண்ணீராவது வடியும். இதில் உயிரே அதுதான். நூற்றெண்பது டிகிரி, பதினாறு நிமிடம். பேசி முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டாள். தெளிவாகத்தான் இருந்தது. அழித்தாள்.

இரண்டாவது பதிவில் துணி இல்லை, குழாய் இல்லை, ஆறு மணி நேரமும் இல்லை. "பூசணியை வேகவெச்சு நல்லா மசிச்சுக்கணும்" என்றவள் ஒரு மூச்சு நேரம் நின்று, "அப்புறம் வெண்ணெயும் சர்க்கரையும்" என்று தாண்டிப் போனாள். அதைத்தான் அனுப்பினாள். "ரொம்ப நன்றிக்கா" என்று பதில் வந்தது.

பெரியவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் பரிசோதனைக்கு உட்காரும் முன் உப்புகளையும் திராவகங்களையும் அளந்து வைப்பது அவள் வேலை. பதினேழு வருஷத்தில் அளவில் இம்மி பிசகியதில்லை. ஆக, மறந்துபோனேன் என்று அவள் சொல்லித் தப்பிக்க வழியே இல்லை. மறக்கிற ஆளே இல்லை அவள்.

சின்னவளின் மேல் அவளுக்கு என்ன கோபம் என்று கேட்டால் உருப்படியாக ஒன்றையும் சொல்ல முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிற பெண். வருகிறவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, எந்தச் சட்டம் பொருந்தும் என்று ஒரு நொடியில் எடுத்துத் தருவாள். வீட்டிலும் அப்படித்தான், தொட்டதெல்லாம் அமைந்துவிடும். தையல் வரும், கோலிக்குண்டு மாதிரி கையெழுத்து வரும், மாமியாரைச் சிரிக்க வைக்கவும் வரும். நல்லவள் வேறு, அதுதான் பெரிய தொல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நாலு வார்த்தை சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இந்த வீட்டில் 'பெரியவ பண்ணது' என்று பேர் சொல்லிக் கேட்டு வாங்குகிற பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அந்த பிஸ்கட்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோருக்கும் சாப்பாடு. சின்னவளின் அப்பாவும் வந்திருந்தார். முப்பத்தொரு வருஷம் பேருந்தில் நடத்துநர், ஓய்வு பெற்ற பிறகும் ஊரே கண்டக்டர் என்றுதான் கூப்பிடும். மனைவி போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்தவர். அவர் கூடத்தில் பேசினால் மாடியில் காயும் துணிகூடத் திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு குரல். அன்றைக்கு அது கொஞ்சம் கரகரத்தது, சளி என்றார். பெரியவளின் பிஸ்கட்டை டீயில் முக்கி எடுத்து, தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, முக்கி எடுத்தாலும் உடையாம நிக்குது! கடிச்சா சத்தம் வருது! டிக்கெட் இல்லாம ஆறு பேர் வயித்துக்குள்ள ஏறிட்டாங்கம்மா, கணக்கு வெச்சுக்காதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளுக்குக் காதுவரை சூடாகிவிட்டது, சந்தோஷத்தில். அப்போதுதான் மாமியார், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல், தட்டை எடுத்தபடியே சொன்னாள்.

"சின்னவ இதையும் கத்துக்கிட்டாள்னா அப்புறம் பெரியவளுக்கு இங்க வேலையே இல்ல."

அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். மூன்று நாள் கழித்துச் சின்னவளிடமிருந்து செய்தி வந்தபோது அந்தச் சிரிப்புதான் அவள் காதில் கேட்டது. இதுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனையோ தடவை அவளே ஏங்கினாள்.

மூன்று வாரம் போனது. ஒருநாள் சாயங்காலம் கணவன் அச்சகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"தம்பி போன் பண்ணான். கண்டக்டருக்கு ஆபரேஷன் முடிஞ்சுடுச்சாம்."

"என்ன ஆபரேஷன்? சளின்னுதானே சொன்னாரு?"

"தொண்டையில கட்டியாம். ரொம்ப முத்திப் போச்சாம். குரல் போயிடுச்சு. சாப்பாடும் இனிமே வாய் வழியா கிடையாதாம், வயித்துல குழாய் போட்டிருக்காங்களாம். ஆளு மட்டும் தப்பிச்சாரு."

"எப்போ தெரியும் அவங்களுக்கு?"

"நாம ஞாயித்துக்கிழமை சாப்பிட்டோமே, அதுக்கு அடுத்த நாளே தெரியுமாம். யார்கிட்டயும் மூச்சு விடல."

திங்கட்கிழமை தெரிந்திருக்கிறது. புதன்கிழமை பிஸ்கட் செய்முறை கேட்டிருக்கிறாள். கணக்கில் அவள் எப்போதுமே கெட்டி.

மறுநாள் சின்னவளுக்குப் போன் செய்தாள். அப்பா எப்படி இருக்காரு, டாக்டர் என்ன சொல்றாங்க என்று கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாள். கேட்கப் பயந்ததைக் கேட்கும் முன்பே சின்னவள் தானாகச் சொன்னாள்.

"டாக்டர் பத்து நாள் டைம் கொடுத்தாருக்கா. அதுக்குள்ள புடிச்சதெல்லாம் சாப்பிட்டுக்கோங்க, அப்புறம் முடியாதுன்னாரு. நான் என்னப்பா வேணும்னு கேட்டேன். ஊர்ப்பட்ட லிஸ்ட் போடுவாருன்னு பார்த்தா, பெரியவங்க பண்ண பிஸ்கட்டுங்கறாரு. டீயில முக்கிச் சாப்பிடணுமாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே செஞ்சு கொடுத்திருப்பேனே?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்களே. யாருக்கும் தெரியக்கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. தெரிஞ்சா ஆளாளுக்குப் பழத்தைத் தூக்கிட்டு வந்து என் மூஞ்சியப் பார்த்து அழுவாங்கன்னாரு. அதுவுமில்லாம, என் கையால செஞ்சு கொடுக்கணும்னு எனக்கும் ஆசைக்கா." சின்னவள் லேசாகச் சிரித்தாள். "ஆசைதான். மூணு தடவை செஞ்சேன், மூணும் சொதப்பல். கொழகொழன்னு பரவிப் போச்சு. டீயில முக்கினா பாதி உள்ளயே விழுந்துடும். அப்பா ஸ்பூன் போட்டு எடுத்துச் சாப்பிட்டாரு. உங்க மெசேஜை இருபது தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன்கா, எங்க தப்பு பண்றேன்னு. அடுப்பா, மாவா, ஒண்ணும் புரியல. கடைசில, என் கை அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

பெரியவள் வாயைத் திறந்தாள். "அடுப்பு சூடு சரியா ஏறாம இருந்திருக்கும்மா" என்ற பொய்தான் வெளியே வந்தது. போனை வைத்துவிட்டு, நீயெல்லாம் ஒரு மனுஷியா என்று தன்னைத்தானே கேட்டாள், சத்தமாகவே.

சனிக்கிழமை காலை, கணவன் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்த நேரத்தில், அவள் ஒரு பூசணிக் கீற்றை எடுத்துவைத்து, போனை மேடையில் சாய்த்துத் தன் குரலையே போட்டாள். அனுப்பியது அழியாமல் அங்கேயே இருந்தது, ஒன்றரை நிமிடம். அது சொன்னதை மட்டும் செய்வது, சொல்லாததைச் செய்யக் கூடாது என்று தீர்மானம். வேகவைத்தாள், மசித்தாள். "மசிச்சுக்கணும்" என்றது குரல். பிறகு அந்த மூச்சு. குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, துணியும் ஆணியில் மாட்டியிருந்தது. "அப்புறம் வெண்ணெயும் சர்க்கரையும்." விழுதை அப்படியே கொட்டினாள். மாவு உருட்ட வரவில்லை, விரல் இடுக்கெல்லாம் அப்பியது. கரண்டியால்தான் தட்டில் விட வேண்டியிருந்தது. பதினாறு நிமிடம் கழித்துத் திறந்தபோது ஒவ்வொன்றும் பக்கத்திலிருந்ததோடு ஒட்டிக்கொண்டு, மேலே சாயம் போன மஞ்சளாக, நடுவில் ஈரமாகக் கிடந்தது.

கணவன் ஒன்றை எடுத்துக் கடித்தான். கடித்தான் என்பதுகூடத் தப்பு, அது தானாகவே வாய்க்குள் போனது.

"என்ன ஆச்சு? உன் கைக்கு என்ன வந்தது?"

"என் கைக்கு ஒண்ணுமில்ல."

"பின்ன இது என்ன, களியா?"

அவள் ஒரு டம்ளர் டீ போட்டு, ஒன்றை முக்கினாள். பாதி உள்ளே விழுந்தது. ஒரு ஸ்பூனை எடுத்து, அடியில் கிடந்ததைத் தோண்டிச் சாப்பிட்டாள். பட்டை வாசனையோடு வெந்த மாவும் வேகாத மாவும் ஒன்றாகத் தொண்டையில் இறங்கியது. இதைத்தான் அந்த மனுஷன் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வாய்வழியாக ஒன்றுமே இல்லை. இருபத்திரண்டு பிஸ்கட் வந்திருந்தன. மீதியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. நாலு நாளில் ஒருத்தியாகத் தின்று தீர்த்தாள். அதனால் யாருக்கும் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை என்று அவளுக்கே தெரியும்.

ஐந்தாம் நாள் ஆய்வகத்தில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனாள். பார்வையாளர் நேரம் நாலு முதல் ஆறு. கையில் எதுவும் எடுத்துப் போகவில்லை, பழம்கூட.

கண்டக்டர் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்திருந்தார். கழுத்தில் கட்டு, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய். பாதி உடம்புதான் மிச்சம். அவளைப் பார்த்ததும் மோதிரம் போட்ட விரலால் கட்டில் கம்பியை இரண்டு தட்டு தட்டினார். டிங், டிங்.

"அப்பா இப்போ மணி அடிச்சுதான் பேசறாருக்கா" என்றாள் சின்னவள். கண்ணுக்குக் கீழே கருவளையம், ஆனாலும் சிரித்தாள். "ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா போலாம், ரைட். நர்ஸுங்ககூட பழகிட்டாங்க. பெரிசா ஏதாவது சொல்லணும்னா நோட்டுல எழுதுவாரு." மருந்துச் சீட்டைக் கையில் எடுத்தாள். "கீழ போய் மருந்து வாங்கிட்டு, நமக்கு டீயும் வாங்கிட்டு வந்துடறேன். கொஞ்சம் பார்த்துக்கறீங்களாக்கா?"

அவள் போனாள். பெரியவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சின்னவளிடம் சொல்லத்தான் வந்திருந்தாள். ஆனால் திட்ட முடியாத ஒருவரிடம் சொல்வது எவ்வளவு சுலபம் என்பது அந்த நேரத்தில் தெரிந்துவிட்டது.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். உங்க பொண்ணு பண்ண பிஸ்கட் சரியா வராததுக்கு அவ காரணம் இல்ல. பூசணியைத் துணியில கட்டித் தண்ணிய வடிய விடணும். நான் அதைச் சொல்லல. மறந்துபோய் இல்லப்பா. வேணும்னுதான் விட்டேன்."

சொல்லி முடித்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தில் ஓடும் சத்தம் கேட்டது. நோட்டு அவள் மடிக்கு வந்தது. ஒரே வார்த்தை.

'தெரியும்.'

அவள் நிமிர்ந்தாள். அவர் நோட்டைத் திரும்ப வாங்கி, நிறுத்தி நிறுத்தி எழுதினார். பயணச்சீட்டுக் கிழித்த கை, எழுத்து சின்னச் சின்னதாக, நெருக்கமாக இருந்தது.

'அவள் அடுப்படியில் போட்டுக் கேட்டபோதெல்லாம் நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மசிச்சுக்கணும் என்று சொல்லிவிட்டு நின்றீர்கள். சீட்டு எடுக்காதவரிடம் எங்கே ஏறினீர்கள் என்று கேட்டால் இப்படித்தான் நிற்பார்கள். முப்பத்தொரு வருஷம் பார்த்தவன்.'

பெரியவளுக்குக் கண் மறைத்தது. "அப்பவே ஏன்பா அவகிட்ட சொல்லல? எனக்குப் போன் பண்ணியிருந்தா அன்னைக்கே ஓடி வந்து செஞ்சு கொடுத்திருப்பேனே?"

'எனக்குப் பிறகு அவள் அக்கா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான். ஒரு பிஸ்கட்டுக்காக அதைக் கெடுக்கவா?' கொஞ்சம் யோசித்து, அடியில் இன்னொரு வரி எழுதினார். 'நீங்களும் சொல்ல வேண்டாம்.'

அந்தத் தாளைக் கிழித்து, நாலாக மடித்து அவள் கையில் வைத்து மூடினார். கம்பியில் இரண்டு தட்டு. ரைட், போகலாம்.

பெரியவளுக்கு உடம்பு லேசானது. வெட்கமே இல்லாமல் லேசானது. பாதிக்கப்பட்டவரே விட்டுவிடு என்கிறார், அதற்கு மேல் என்ன? சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் இருக்கிற கஷ்டத்தில் இன்னொன்று. சொல்லாமலிருப்பதுதான் இப்போது நல்லது. ஆய்வகத்தில் அளந்து வைப்பது போல எல்லாவற்றையும் மனசுக்குள் அளந்து பார்த்தாள், சரியாகவே இருந்தது. மடித்த தாளைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

சின்னவள் இரண்டு காகித டம்ளரில் டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டு வந்தாள்.

"கடை பிஸ்கட்தான்கா, கோவிச்சுக்காதீங்க. நான் பண்ணா எப்படி இருக்கும்னு அப்பாகிட்ட கேட்டுக்கோங்க." சிரித்தபடி பாக்கெட்டைப் பிரித்தவளுக்கு, அப்பா பக்கம் திரும்பியதும் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். "வாழ்நாள்ல ஒண்ணே ஒண்ணு கேட்டீங்க. அதைக்கூட எனக்கு ஒழுங்கா செய்யத் தெரியல பாருங்கப்பா."

டிங். ஒரு தட்டு.

"தினமும் இதைச் சொல்றேன், தினமும் நிறுத்துங்கறாரு" என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

தினமும். பெரியவள் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்டாள். இன்றைக்கும் சொல்கிறாள், நாளைக்கும் சொல்வாள், அவர் போன பிறகு யாரிடம் சொல்வாள்? கைப்பையில் இருக்கிற தாள் நமக்குத்தான் உதவும், இவளுக்கு எதற்கு உதவும் என்று தோன்றியது.

"உன் கையில ஒரு குறையும் இல்லம்மா" என்றாள்.

"சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்கக்கா."

"ஆறுதல் இல்ல. நான் உனக்குப் பாதிதான் சொன்னேன்."

டிங். கண்டக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டிங். மறுபடியும் ஒன்று, முன்னைவிடப் பலமாக. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியவள் நிறுத்தவில்லை. நின்றால் இனி எப்போதும் முடியாது என்று தெரிந்து, ஒரே மூச்சில் சொன்னாள்: முதல் பதிவு, அதை அழித்தது, மாமியார் சிரித்தபடி சொன்னது, மூன்று நாள் மனசில் வைத்துக் குமைந்தது, துணியில் கட்டித் தொங்கவிடுவதை வேண்டுமென்றே விட்டது. "உனக்கும் நல்லா வந்துட்டா எனக்குன்னு அந்த வீட்டுல ஒண்ணுமே இல்லையேன்னு நெனச்சேன். ஏன் கேக்கறேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டேன். அதுக்காக, தெரியாம செஞ்சதெல்லாம் சரின்னு ஆயிடாது. என்னை மன்னிச்சுடும்மா."

கம்பியில் சத்தம் நின்றுவிட்டது. கண்டக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவள், கடையில் வாடிக்கையாளரைப் பார்ப்பது போல, அவ்வளவு கிட்டத்தில் பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று பெரியவள் காத்திருந்தாள். நன்றாகத் திட்டட்டும், ஒரு அறைகூட விடட்டும் என்று இருந்தது.

"எத்தனை மணி நேரம் தொங்க விடணும்?" என்று கேட்டாள் சின்னவள்.

"ஆறு மணி நேரம்."

"ஆறு மணி நேரம்தானா?"

பெரியவள் தலையை ஆட்டினாள். சின்னவள் பிரித்த பாக்கெட்டை மடித்து மேசை மேல் வைத்தாள். அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்களுக்குப் பத்து நாள் இருந்துச்சே" என்றாள்.

பெரியவள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பது போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எந்த வாக்கியத்தைச் சொன்னாலும் கடைசியில் சின்னவள் சேர்க்கிற அந்த 'அக்கா' இந்தத் தடவை வரவில்லை.